பச்சைச் சாப்பாடு தொடங்குறவங்களுக்கு: பசி, ஆசை, பி12

சந்தைக்குப் போக முதல் பாமசிக்குப் போங்க. ரோ ஃபுட், பச்சைச் சாப்பாடு, இயற்கை உணவு எண்டு என்ன பேர் சொன்னாலும் சரி, சமைக்காம சாப்பிடுற பழக்கத்துக்கு வரப்போற ஆள் முதல்ல வாங்க வேண்டியது பப்பாசியும் இல்ல பிளெண்டரும் இல்ல, ஒரு அட்டை விற்றமின் பி12 குளிசை. என்ன இதுக்குள்ள கூட்டிக்கொண்டு வந்த ஆக்கள் மத்ததெல்லாம் சொல்லித் தந்தாங்க, இத மட்டும் சொல்லல்ல. "உடம்பு தனக்கு வேண்டியதக் கேக்கும், கேக்குறதக் குடு" எண்டு சொன்னாங்க, நானும் நம்பினன்.

நான் மட்டக்களப்புல ஆரையம்பதிப் பக்கம். மீன், இறைச்சி, முட்டை எல்லாம் விட்டு அஞ்சாறு வருசம் இருந்துட்டு, மறுகா தயிரையும் விட்டு முழுசா சமைக்காத சாப்பாட்டுல ஒம்பது மாசம் இருந்தன். முதல் ரெண்டு மாசம் சரியான நல்லம், வயிறு லேசா இருந்திச்சி, விடிய எழும்ப அலாரம் தேவையில்ல. அஞ்சாம் மாசம் அளவில கால் விரல் விறைச்ச மாதிரி, ராவைக்குப் படுத்தா பாதத்துல எறும்பு ஊருற மாதிரி. கேட்டா "கழிவு வெளியேறுது, பொறுத்துக்கங்க" எண்டாங்க, பொறுத்தன். ஒம்பதாம் மாசம் இருட்டுல படி இறங்கேக்குள்ள கால் எங்க வைக்கிறன் எண்டே தெரியாமப் போச்சி, அதுக்குப் பிறகுதான் ரத்தம் சோதிச்சன், பி12 அடிமட்டத்துக்குப் போயிருந்திச்சி. டொக்டர் வரிசையா ஊசி போட்டாரு. நடை சரியாயிட்டு, இடது கால்ல ரெண்டு விரல்ல உணர்ச்சி இன்னும் முழுசா வரல்ல. அந்த ஒம்பது மாசத்துல ஒரு நாளாவது என்ட உடம்பு பி12 கேக்கல்ல. சோறு கேட்டிச்சி, பாண் கேட்டிச்சி, உப்புக் கேட்டிச்சி, பி12 மட்டும் கேக்கவே இல்ல. அதாலதான் இந்தக் கட்டுரைய ரெண்டு பங்கா யோசிச்சி எழுதுறன், உடம்பு வாய் விட்டுக் கேக்குறது ஒரு பக்கம், கேக்காமலே குறைஞ்சி போறது இன்னொரு பக்கம்.

முதல்ல குளிசை

பி12 செடி கொடில இல்ல. பக்டீரியாதான் அத உண்டாக்குது, மாடும் மீனும் அதுவழியா எடுத்துச் சேத்து வச்சிருக்கும், நாம அதுகளச் சாப்பிடேக்குள்ள நமக்கு வருது. அதுகள விட்டா வர வழி இல்ல. ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம்தான் தேவை, சரியான சின்ன அளவு, ஈரல்ல வருசக்கணக்குக்குக் காணுற சேமிப்பும் இருக்கும், அதாலதான் தொடங்கின உடனே ஒண்டும் தெரியாது. சேமிப்பு தீந்து நரம்புல கை வச்ச பிறகுதான் தெரியும், சுணங்கினா சில சேதம் திரும்பி வராது. இன்னொரு சிக்கல் இருக்கு. நாம கீரை, பழம் எண்டு சாப்பிடுற சாப்பாட்டுல ஃபோலேட் எண்ட விற்றமின் நிறைய, அது பி12 குறைபாட்டால வாற ரத்தச் சோகைய மறைச்சிடக்கூடும், ஹீமோகுளோபின் பாத்தா நல்லாத்தான் இருக்கும், உள்ளுக்குள்ள நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும்.

எவ்வளவு எடுக்குற எண்டா, தினமும் எடுக்கிற ஆள் 25 முதல் 100 மைக்ரோகிராம், இல்லாட்டி 1000 மைக்ரோகிராம் குளிசை கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம். 2.4 தானே தேவை, ஏன் இவ்வளவு எண்டு கேப்பீங்க, ஒரே தரத்துல கூட எடுத்தா குடல் அதுல கொஞ்சத்தத்தான் உள்ளுக்கு எடுக்கும், அதால பெருசா இருக்கணும். இங்க பாமசில மெத்தில்கோபாலமின் (பி12ல ஒரு வகை) 500 மைக்ரோகிராம் எண்டு கேட்டா சுகமா எடுக்கலாம், நான் எடுக்கிறதும் அதுதான். பி கொம்ப்ளெக்ஸ் வாங்கினா பின்பக்கம் வாசிச்சி பி12 எவ்வளவு எண்டு பாருங்க, சிலதுல பேருக்குத்தான் இருக்கும். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் குடிக்கிற ஆக்களுக்கு அந்த மருந்தாலயே பி12 குறையும், அவங்க டொக்டர்கிட்டக் கேட்டு அளவு முடிவெடுக்கிறது நல்லம்.

ஸ்பைருலினால பி12 இருக்கு எண்டு சொல்லுவாங்க. அதுல இருக்கிறதுல பெரும்பங்கு பி12 மாதிரி உருவம் இருக்கிற வேற ஒண்டு, மனுச உடம்புக்கு உதவாது. கழுவாத மரக்கறில பி12 ஒட்டியிருக்கும் எண்டும் ஒரு கதை இருக்கு. நம்மட ஊர்ல கழுவாம சாப்பிட்டா ஒட்டி வாறது பூச்சியும் வயித்தோட்டமும்தான், தயவுசெய்து அதச் செய்யாதீங்க.

ஆர் தொடங்கக் கூடாது

இத சுருக்கமா சொல்லுறன், ஆனா கட்டாயம் வாசிங்க. வயித்துல புள்ள இருக்கிறவங்க, பால் குடுக்கிற தாய்மார், சின்னப் புள்ளையள் முழுப் பச்சைச் சாப்பாட்டுக்கு வரக்கூடாது. சீனிக்கு இன்சுலின் போடுற ஆக்கள், மருந்து குடிக்கிற ஆக்கள் சோத்தச் சட்டெண்டு நிப்பாட்டினா சீனி இறங்கி விழுந்திடுவாங்க, மருந்தளவு மாத்தாம தொடங்க ஏலாது. கிட்னி வருத்தம் இருக்கிற ஆக்களுக்கு இளநியும் வாழைப்பழமும் பொட்டாசியத்தக் கூட்டிடும், காமரங்கா (நட்சத்திரப்பழம்) அவங்களுக்கு நஞ்சு மாதிரி. ரத்தம் உறையாம இருக்க வோஃபரின் குடிக்கிறவங்க கீரைய சடாரெண்டு கூட்டக்கூடாது. நிறைய மெலியணும் எண்டதுக்காகவே வாற புள்ளையளுக்கும் சொல்லுறன், இது அதுக்கான வழி இல்ல.

எவ்வளவு பச்சை?

ரோ ஃபுட் ஆக்கள் 40 முதல் 48 பாகை வரைக்கும் சூடு காட்டலாம், அதுக்கு மேல போனா சமைச்சது எண்டு வச்சிருக்காங்க. அந்த எல்லையப் பத்தி நீங்க கவலைப்படத் தேவையில்ல. முதல் மாசத்துக்கு நான் சொல்லுறது, விடிய எழும்பினதுல இருந்து பின்னேரம் வரைக்கும் பச்சை, ராவைக்கு ஒரு நேரம் சமைச்ச சாப்பாடு. நான் இப்ப நாலு வருசமா இப்படித்தான் இருக்கிறன், இதையே கடைசி வரைக்கும் வச்சிருக்கப்போறன். நூத்துக்கு நூறு பச்சைக்குப் போன ஆக்கள்ல எனக்குத் தெரிஞ்சி கனபேர் ஆறு மாசத்துக்குள்ள எல்லாத்தையும் விட்டுட்டு கொத்து ரொட்டிக்கே திரும்பிட்டாங்க. ராவைக்கு ஒரு நேரம் வீட்டாக்களோட இருந்து சாப்பிட்டா அம்மாவுக்கும் மனசு ஆறும். என்ட அம்மா முதல் கிழமை முழுக்க "என்ன மனே இது, சோத்துப் பானையத் தொடாம எழும்புறாய்" எண்டு அழுத மனுசி, ராச் சாப்பாட்டுக்கு நான் வந்து இருந்த பிறகுதான் பகலைக்குத் தானாவே எனக்கு வல்லாரை அரியத் தொடங்கினவ.

பசிய எண்ணிப் பாருங்க

பச்சைச் சாப்பாட்டுல தோத்துப்போறதுக்கு முதல் காரணம் மன உறுதி இல்லாதது இல்ல, சாப்பாடு காணாதது. 100 கிராம் பப்பாசில 43 கலோரி, வத்தகப்பழத்துல 30. ஒரு பொம்புளைக்கு ஒரு நாளைக்கு 1800, 2000 கலோரி வேணும், வயல் வேலை மேசன் வேலை செய்யிற ஆம்புளைக்கு அதுக்கும் மேல. பப்பாசிய மட்டும் வச்சி 2000 எடுக்கணுமெண்டா நாலரைக் கிலோவுக்கு மேல சாப்பிடணும், ஆர்ட வயிறு தாங்கும்? ஆனா 100 கிராம் தேங்காய்ப்பூவுல 350 கலோரி, கச்சான்ல (நிலக்கடலைல) 560க்கு மேல, எள்ளுலயும் அப்படித்தான். அதால பழம் ஒரு பக்கம், கொழுப்புள்ளது ஒரு பக்கம் எண்டு ரெண்டும் தட்டுல இருக்கணும். கொலஸ்ட்ரோல் இருக்கிறவங்க தேங்காயக் குறைச்சி கச்சான், எள்ளு, பட்டர்ஃபுருட் பக்கம் போங்க.

நான் ஒரு நாள் சாப்பிடுறத அப்படியே சொல்லுறன். விடிய ஆறு கதலிப்பழமும் பப்பாசி ஒரு பெரிய துண்டும், பத்து மணிக்கு ஒரு இளநி வழுக்கையோட, கூடவே ராவு ஊறப்போட்ட கச்சான் ஒரு பெரிய கைபிடி, 50 கிராம் வரும். பகலைக்கு பெரிய தட்டு, வல்லாரைச் சம்பல், கரட், வெள்ளரிக்காய், தக்காளி, முளைப்பயறு, பட்டர்ஃபுருட் பாதி, தேங்காய்ப்பூ 60 கிராம், மேல தேசிக்காய்ப் புளி. மாம்பழக் காலமெண்டா ரெண்டு மாம்பழம். பின்னேரம் எள்ளையும் பேரீச்சம்பழத்தையும் சேத்து இடிச்ச உருண்டை மூண்டு. இவ்வளவையும் கூட்டினா 1900க்குக் கொஞ்சம் மேல வருது, பாருங்க எவ்வளவு சாப்பிட வேண்டியிருக்கு எண்டு. இவ்வளவு சாப்பிட்டும் புரதம் 40 கிராம் அளவுலதான் நிக்கும், 60 கிலோ ஆளுக்கு 48 கிராமாவது வேணும். அந்த மிச்சத்த ராவைக்கு அவிச்ச கடலை, கௌப்பி, பருப்புக் கறி தரும், ராச் சாப்பாட்ட நான் விடாததுக்கு அதுவும் ஒரு காரணம்.

வல்லாரைச் சம்பல் தெரியாத வீடு இங்க இல்ல, ஆனா மாசிக் கருவாடு போடாம செய்யச் சொன்னா கன பேருக்குக் கை ஓடாது. வல்லாரைய மூண்டு தண்ணில அலசி, தண்ணி வடியவிட்டு, கூட்டிப் பிடிச்சி மெல்லிசா அரியுங்க. சின்ன வெங்காயம், பச்சமிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு எல்லாத்தையும் கையால நல்லாப் பிசைஞ்சி கடைசிலதான் தேசிக்காய்ப் புளி விடணும், முதல்லயே புளி விட்டா இலை கறுத்துப்போகும். மாசிக்குப் பதிலா ஒரு பிடி எள்ள அம்மில ஓட்டிப் போட்டா வாய்க்கு அந்தக் கனம் வந்திடும்.

எங்கட பக்கத்துல இதுக்கெல்லாம் அலையத் தேவையில்ல. களுதாவளைத் தோட்டத்துக் கீரை, வெங்காயம், வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்து வாற வத்தகப்பழம், வெள்ளரிப்பழம், கச்சான் காத்து (கோடைல அடிக்கிற வெக்கைக் காத்து) வீசுற காலத்துல பாலைப்பழம், நாவற்பழம், பொத்துவில் ரோட்டுல விளாம்பழம், எல்லா வளவுலயும் கொய்யா. ஆப்பிளும் கிரேப்ஸும் வாங்கிக் காசக் கரைக்காதீங்க, 100 கிராம் கொய்யாப்பழத்துல 200 மில்லிகிராமுக்கு மேல விற்றமின் சி இருக்கு, ஆப்பிள்ல அஞ்சு கூட வராது.

ஆசை வரேக்குள்ள

இப்ப உடம்பு கேக்குற பக்கத்துக்கு வருவம். ஒரு கொப்பி வாங்குங்க. ஆசை வந்த நேரம், என்னத்துக்கு ஆசை, அதுக்கு முதல் கடைசியா எப்ப என்ன சாப்பிட்டது, இந்த மூண்டையும் ரெண்டு கிழமைக்கு எழுதுங்க. என்ட கொப்பில முதல் ரெண்டு கிழமைல எழுதினதுல பாதிக்கு மேல பின்னேரம் நாலரைக்கும் ஆறுக்கும் இடைல, எல்லாம் பாண், ரொட்டி, வடை. பகலைக்கு என்ன சாப்பிட்டன் எண்டு பாத்தா, சலாது ஒரு கோப்பை. அது ஆசை இல்ல, அது பசி. பகல் தட்டுல தேங்காய்ப்பூவும் கச்சானும் கூட்டி, நாலு மணிக்கு எள்ளுருண்டை வச்ச பிறகு அந்த வடை ஆசை தானா அடங்கிட்டு. அதால எந்த ஆசை வந்தாலும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, இண்டைக்கு நான் காணச் சாப்பிட்டனா எண்டதுதான்.

தேத்தண்ணி வேற கதை. நாளைக்கு நாலு அஞ்சு கோப்பை குடிச்ச ஆள் ஒரேயடியா விட்டா அடுத்த நாளே தலையிடி தொடங்கும், ரெண்டாம் நாள் உச்சத்துல இருக்கும், ஒரு கிழமைக்கு மேலயும் சில ஆக்களுக்கு இழுக்கும். அது கழிவு வெளியேறுறது இல்ல, கஃபீன் இல்லாத குறை. ரெண்டு மூண்டு நாளைக்கு ஒரு கோப்பை வீதம் குறைச்சிக்கொண்டு வாங்க, முழுசா விடணும் எண்டும் இல்ல, விடியக் காலமை ஒரு பிளேன்டீ குடிக்கிறதால ஒரு குத்தமும் இல்ல. சாப்பாட்டோட மட்டும் குடியாதீங்க, ஏனெண்டு பிறகு சொல்லுறன்.

உப்பாசை வந்தா குடுங்க. கச்சான் காத்துக் காலத்துல நம்மட வெயில்ல வேர்த்துக் கொட்டும், சோத்தோட கறியோட வந்த உப்பு நிண்டுட்டு, பழமும் இளநியுமாச் சாப்பிடுற ஆளுக்கு உப்பு நிசமாவே குறையும், தலை சுத்தும். மாங்காய்த் துண்டுல உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடுங்க, வெள்ளரிக்காய்க்கும் போடுங்க. பிறஷர் இருக்கிறவங்க அளவோட.

மீன் ஆணத்துக்கு வாற ஆசைதான் இங்க பெரிய சோதனை. வாவிக்கரைல பிறந்து வளந்த ஆளுக்கு பக்கத்து வீட்டுல மீன் கொதிக்கிற மணம் வந்தா நெஞ்சு அப்படியே நிண்டிடும். நான் கன நாள் யோசிச்சிப் பாத்தன், என்ன இழுத்தது மீன விட அந்தப் புளியும் உறைப்பும் கறிவேப்பிலை மணமும் தேங்காய்ப்பாலும்தான். அதால சமைக்காத சொதி ஒண்டு பழகினன், புதுசாப் பிழிஞ்ச முதல் பால், சின்ன வெங்காயம், பச்சமிளகாய், கசக்கின கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள், கொஞ்சம் இடிச்ச வெந்தயம், உப்பு, கடைசில தேசிக்காய்ப் புளி. அத அரிஞ்ச தக்காளிலயும் வெள்ளரிக்காய்லயும் ஊத்தி அரை மணித்தியாலம் வச்சிச் சாப்பிட்டா முக்கால்வாசி ஆசை போயிடும். மிச்சக் கால்வாசிய வச்சிக்கொண்டு வாழப் பழகலாம். பால் அண்டண்டைக்குப் பிழிஞ்சதா இருக்கணும், இந்த வெக்கைல ரெண்டு மணித்தியாலம் வெளில வச்சா புளிச்சிப் போகும். சுடச்சுட எதாவது வேணும் எண்டு கேக்குற ஆசை மழைக்காலத்துல வரும், அதுக்கு இஞ்சியும் கொத்தமல்லியும் அவிச்ச தண்ணி குடிங்க.

ஒரு ஆசைய மட்டும் சும்மா விடாதீங்க. பச்சரிசிய வாய்ல போட்டு மெல்லணும் போல, ஐஸ் கட்டிய நறநறெண்டு கடிக்கணும் போல, மண் மணம், சுவர் மணம் இழுக்குற மாதிரி இருந்தா அது இரும்புச்சத்துக் குறைவா இருக்கக்கூடும். நம்மட பக்கத்துப் பொம்புளையள் அரிசி புடைக்கேக்குள்ள ஒரு பிடி வாய்ல போடுறத ஒரு பழக்கமாத்தான் பாப்பாங்க, ரோ ஃபுட் தொடங்கின ஆள் "பச்சரிசியும் ரோ தானே" எண்டு இன்னும் கூட்டிடுவா. ரத்தத்துல ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்புல இரும்புச் சேமிப்பு எவ்வளவு எண்டு காட்டுறது) சோதிச்சிப் பாருங்க.

இத விட்டா, ஆசைக்கும் சத்துக்கும் நேர்க் கோடு இழுக்காதீங்க. சொக்லட் ஆசை வந்தா மெக்னீசியம் குறைவு, மீன் ஆசை வந்தா பி12 குறைவு எண்டெல்லாம் சொல்லுவாங்க, அப்படி ஒரு கணக்கு இல்ல. ஆசை வந்ததால சத்து குறைஞ்சிட்டு எண்டும் இல்ல, ஆசை வராததால எல்லாம் நிறைஞ்சிருக்கு எண்டும் இல்ல.

ஒரு நாள் கொத்து ரொட்டியோ கலியாண வீட்டுச் சோறோ சாப்பிட்டுட்டா, இருந்து ஆறுதலா முழுசாச் சாப்பிடுங்க, அடுத்த நாள் விடிய வழமை போல வாழைப்பழத்தோட தொடங்குங்க. தண்டனையா அடுத்த நாள் பட்டினி கிடந்தா மறுகா மூண்டாம் நாள் அதவிடப் பெரிய ஆசை வரும், நான் அந்தச் சக்கரத்துல கன மாசம் சுத்தினன்.

உடம்பு கேக்காத மத்தது

இரும்புச்சத்துல இருந்து தொடங்குறன். கீரை, எள்ளு, பயறுல இருக்கிற இரும்ப உடம்பு லேசுல எடுக்காது, கூடவே விற்றமின் சி போனா நல்லா எடுக்கும், தேத்தண்ணி போனா எடுக்காது. அதால வல்லாரைக்குத் தேசிக்காய், தட்டுக்குப் பக்கத்துல கொய்யாப்பழம், தேத்தண்ணி சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி. மாதவிடாய் வாற வயசுல பொம்புளைக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் வேணும், ஆம்புளைக்கு 8. இரும்புக் குளிசைய சோதிக்காம எடுக்காதீங்க, கூடினாலும் கூடாது, வீட்டுல சின்னப் புள்ளையள் இருந்தா கைக்கு எட்டாத இடத்துல வைங்க.

அயடின். இலங்கைல 1995ல சட்டம் வந்து சாப்பாட்டு உப்புக்கு அயடின் சேக்குறாங்க. இயற்கை இயற்கை எண்டு அயடின் சேக்காத கல்லுப்புக்கும் பிங்க் உப்புக்கும் மாறினா மீனும் விட்ட ஆளுக்கு அயடின் வர வேற வழி இல்ல, கழுத்துல தைரொயிட் வீங்கும். சாதாரண அயடின் உப்பையே பாவிங்க, வெளிச்சமும் ஈரமும் படாம மூடி வைங்க.

கல்சியத்துக்கு தோல் நீக்காத கறுப்பு எள்ளு, நிழல்ல காயவச்சி இடிச்ச முருங்கையிலைத் தூள். பசளில கல்சியம் இருந்தாலும் அதுல இருக்கிற ஒக்சலேட் எண்ட பொருள் அதப் பிடிச்சி வச்சிக்கொள்ளும், உடம்புக்கு வராது. அதே ஒக்சலேட்டாலதான் பசளிய தினமும் கோப்பை கோப்பையா அடிச்சிக் குடிக்கிற பச்சை ஜூஸ் கிட்னிக்குக் கூடாது எண்டு சொல்லுறன், கிழமைல ஒண்டு ரெண்டு தரம் போதும், வல்லாரைய மாத்தி மாத்திப் போடுங்க.

விற்றமின் டி நமக்கு வெயில்ல இருந்து வரும், ஆனா வெயில் ஊர்ல இருக்கிறதால எல்லாருக்கும் இருக்கு எண்டு நினைக்க வேணாம். ஒஃபிசுக்குள்ள பகல் முழுக்க இருக்கிற ஆக்கள், உடம்ப முழுசா மூடி உடுக்கிற ஆக்கள் ஒருக்காச் சோதிச்சிப் பாக்கலாம். ஒமேகா 3 தேங்காய்லயும் எள்ளுலயும் இல்ல எண்டே சொல்லலாம், அதுக்கு ஆளிவிதை ஒரு மேசைக்கரண்டி தினமும், முழுசா விழுங்கினா அப்படியே வெளில போயிடும், இடிச்சிப் போடணும், இடிச்சத ஃபிரிஜ்ஜுல வைக்கணும். சியா கிடைச்சா அதுவும் நல்லம்.

பொம்புளையளுக்கு ஒண்டு தனியாச் சொல்லணும். மாதவிடாய் பிந்தினா, நிண்டா, அத "உடம்பு சுத்தமாயிட்டு" எண்டு சொல்லுற ஆக்கள நம்பாதீங்க. ஜெர்மனில பச்சைச் சாப்பாடு சாப்பிட்ட 500க்கு மேற்பட்ட ஆக்கள வச்சி 1999ல வெளிவந்த ஒரு ஆய்வுல, 45 வயசுக்குக் கீழ்ப்பட்ட பொம்புளையள்ல ஏறக்குறைய 30 வீதம் ஆக்களுக்கு மாதவிடாய் குழம்பியோ முழுசா நிண்டோ இருந்திச்சி, உடம்பு நிறை கூடுதலாக் குறைஞ்ச ஆக்களுக்குத்தான் அது கூடுதலா நடந்திச்சி. அது வந்தா சாப்பாட்டக் கூட்டுங்க, சமைச்ச நேரத்தயும் கூட்டுங்க, டொக்டரப் பாருங்க.

பல்லையும் கவனிங்க. தோடம்பழம், மாங்காய், தேசிக்காய் எண்டு நாள் முழுக்கப் புளி பட்டா பல்லு அரிச்சிப் போகும். பழம் சாப்பிட்ட உடனே வெறுந்தண்ணில வாய் கொப்புளிங்க, பிரஷ் பண்ண அரை மணித்தியாலமாவது விடுங்க.

பச்சையாத் தொடவே கூடாதது

மரவள்ளி. கிழங்கும் சரி இலையும் சரி, பச்சைல சயனைட்டா மாறுற பொருள் இருக்கு, நம்மட ஆக்கள் திறந்த பானைல நல்லா அவிச்சிச் சாப்பிட்டது சும்மா இல்ல. சிவத்த கிட்னி பீன்ஸ் முளைக்கவச்சாலும் நஞ்சு போகாது, கொதிதண்ணில குறைஞ்சது பத்து நிமிசம் நல்லாக் கொதிக்கணும். மரமுந்திரிகைக் கொட்டைய மரத்தடில இருந்து எடுத்து உடைச்சிப் பச்சையாச் சாப்பிடப் போனா தோட்டுப் பால் வாயச் சுட்டுப் புண்ணாக்கும், கடைல பச்சைக் கஜு எண்டு விக்கிறதும் தோட்டுக்குச் சூடு காட்டித்தான் எடுத்தது. காய்ச்சாத பாலும் வேணாம், எருமைப்பாலா இருந்தாலும் சரி மாட்டுப்பாலா இருந்தாலும் சரி. நம்மட முட்டித் தயிர் காய்ச்சின பால்ல உறைய வைக்கிறது, தயிர் சாப்பிடுற ஆக்கள் அது ரோ இல்லையே எண்டு விட வேணாம், புரதமும் கல்சியமும் கொஞ்சம் பி12உம் அதுல இருக்கு. கச்சான்ல பூஞ்சணம் பிடிச்சது, சுருங்கினது, கசப்பானது ஒண்டு கண்டாலும் எறிஞ்சிடுங்க, அந்தப் பூஞ்சணம் ஈரலக் கெடுக்கும்.

முளைப்பயறு நல்ல சாப்பாடு, ஆனா கவனம் வேணும். பயற ராவைக்குக் கொதிச்சாறின தண்ணில எட்டு மணித்தியாலம் ஊறவச்சி, விடிய வடிச்சி, அவிச்ச துணில கட்டி, பின்னேரமும் ராவைக்கும் அலசுங்க, நம்மட வெக்கைக்கு ஒரு நாள்லயே வால் விட்டிடும். அந்த வெக்கையும் ஈரமும் கிருமிக்கும் அதே அளவு பிடிக்கும். 2011ல ஜெர்மனில வெந்தய முளைல வந்த ஈ.கோலை கிருமியால 50க்கு மேற்பட்ட ஆக்கள் செத்துப் போனவங்க. வழுவழுப்போ மணமோ வந்தா யோசிக்காமக் கொட்டுங்க. வயசான ஆக்களுக்கும் வருத்தக்காரருக்கும் குடுக்கிறதெண்டா ஆவில வச்சி நல்லா அவிச்சிக் குடுங்க, நானே மழைக்காலத்துல அவிச்சித்தான் சாப்பிடுறன்.

கழுவுறது, சோதிக்கிறது, மழை

இலைய ஒவ்வொண்டா ஓடுற தண்ணில கழுவி, கடைசி அலசல் கொதிச்சாறின தண்ணில. உப்புத் தண்ணில ஊறவச்சா புழு கழரும், கிருமி சாகாது. குடிக்கிற தண்ணியும் கொதிச்சாறினதுதான், "உயிர்த் தண்ணி" எண்டு கிணத்துத் தண்ணிய அப்படியே குடிக்கச் சொல்லுற ஆக்கள் நம்மட மணல் கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் இடைல எத்தனை அடி எண்டு யோசிக்கிறதில்ல.

தொடங்க முதல் ஒருக்கா, மூண்டு மாசத்துல ஒருக்கா, பிறகு வருசத்துக்கு ஒருக்கா ரத்தம் சோதிங்க. முழு ரத்தப் பரிசோதனை, ஃபெரிட்டின், பி12, ஏலுமெண்டா விற்றமின் டி. பி12 குளிசை ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தா ரத்தத்துல அளவு கூடுதலாக் காட்டலாம், அதால குளிசை எடுக்கிறத டொக்டருக்குச் சொல்லுங்க. சோதனைக்கு முதலே கால் விறைச்சாலோ நடை தடுமாறினாலோ மூண்டு மாசத்துக்குக் காத்திருக்க வேணாம், அண்டைக்கே போங்க.

கார்த்திகை மார்கழில வாவி நிறைஞ்சி வெள்ளம் வளவுக்குள்ள வந்திட்டா பச்சைச் சாப்பாட்டத் தற்காலிகமா நிப்பாட்டுங்க. வெள்ளம் வத்தி, கிணத்த இறைச்சி குளோரின் போட்டு முடியுற வரைக்கும் இலை, முளை, தரையில கிடந்த வெள்ளரி ஒண்டும் பச்சையா வேணாம். அந்தக் கிழமையள்ல நான் தோல் உரிச்சிச் சாப்பிடுற வாழைப்பழம், அண்டண்டைக்கு வெட்டின இளநி, டின்ல போட்டு வச்ச எள்ளுருண்டை, மிச்சத்துக்கு அம்மா அவிக்கிற சோறும் பருப்பும். குளிசை மட்டும் ஒரு நாளும் நிக்காது.